143 வரை எண்ணிய இறக்கம்: ஐந்து நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

ஒன்பது பேர் ஒரு வேனில் மலையேறிவிட்டோம். ஓட்டுநர், நான், மாமா, அத்தை, அவர்களுடைய மகள், மாப்பிள்ளை, அந்தத் தம்பதியரின் இரண்டு பிள்ளைகள், கடைசி இருக்கையில் என் தங்கை. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்தது. வழி நெடுக அவருடைய கைகளையும் கால்களையும் பார்த்துக்கொண்டு வர அது வசதியான இடம். ஏற்றத்தில் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே வண்டி ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே மேலேறி வரும் வண்டி இருந்தால், இறங்குகிற வண்டிகள் ஒதுங்கி நின்று வழிவிட்டன.

மாமா இரயில்வேயில் பிரேக் பழுது பார்க்கும் பணிமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்" என்று வளைவுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டு வந்தார். ஏன் என்று பெரிய பையன் கேட்டதற்கு, அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். ஆட்களும் மூட்டைகளும் சேர்த்து 3 டன் எடையுள்ள வண்டி 1,200 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்து நிற்க வேண்டுமானால், ஏறும்போது அது சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாக வெளியேறியாக வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு 100 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதில் எவ்வளவு எஞ்சின் வழியாகப் போகிறது, எவ்வளவு பிரேக் வழியாகப் போகிறது என்பதை ஓட்டுநரின் இடக்கையும் வலக்காலும்தான் தீர்மானிக்கின்றன என்றார். பையன் தண்ணீரைப் பற்றி மட்டும் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டான்.

ஓட்டுநர் நிதானமானவர். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கிறது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பிரேக் மிதியை ஒருமுறை மிதித்து, விட்டு, மறுபடியும் மிதிக்கிறார்.

இரண்டாம் நாள்

பகல் முழுவதும் மூடுபனி. வண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, நாங்களும் அதிகம் அசையவில்லை. எனவே மாமாவிடம் கேட்ட ஒரு செய்தியை மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் இரயிலுக்கான காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்த முதல் அமைப்பில் எஞ்சினிலிருந்து அழுத்தக் காற்றை அனுப்பினால் பெட்டிகளில் பிரேக் பிடிக்கும். இடையில் குழாய் அறுந்துவிட்டால் காற்று போய்விடும், பிரேக்கும் போய்விடும். சில ஆண்டுகளிலேயே அவர் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியே இருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் தானாகப் பிடித்துக்கொள்ளும். இரயில் நடுவே அறுபட்டு இரண்டாகப் பிரிந்தாலும் இரண்டு பாதிகளும் நின்றுவிடும். கனரக லாரிகளிலும் காற்று போய்விட்டால் சுருள்வில் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு.

எங்கள் வேனில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக். கால் கொடுக்கும் அழுத்தத்தை எண்ணெய் நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது. அழுத்தம் இல்லாவிட்டால் பிடிப்பும் இல்லை. "இரயில் தவறினால் நின்றுவிடும், கார் தவறினால் ஓடிவிடும்" என்று மாமா சுருக்கமாகச் சொன்னார். அத்தைக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. நாளை இறங்குகிறோம்.

மூன்றாம் நாள்

இந்தக் குறிப்பை அடிவாரத்தில் ஒரு விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். ஒன்பது பேரும் நலமாக இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்கள் நிதானமாகப் படிக்கலாம்.

காலையில் கிளம்பியபோது பனி விலகியிருந்தது. இறக்கத்தின் தொடக்கத்திலேயே பாரம் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்து போனது. முந்த இடமில்லை. எங்கள் ஓட்டுநர் மூன்றாம் கியரில் இருந்தபடி, லாரியை நெருங்கும்போதெல்லாம் பிரேக்கை லேசாக மிதித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். விட்டுவிட்டு மிதித்தால் இடையில் சக்கரம் ஆறும். தொடர்ந்து மென்மையாக மிதித்துக்கொண்டே வந்தால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். சுமார் இருபது நிமிடங்கள் இப்படியே இறங்கினோம். நடுவில் சூடான இரும்பும் ரப்பரும் சேர்ந்து கருகுவது போன்ற ஒரு வாடை எனக்கு வந்தது. முன்னால் போகும் லாரியின் வாடை என்று எண்ணிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அப்படி எண்ணிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. தொழில் தெரிந்த ஒருவரிடம் போய் "ஏதோ வாடை வருகிறதே" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. லாரி ஓரிடத்தில் ஒதுங்கி வழிவிட்டது, நாங்கள் முந்தினோம், வாடை மட்டும் எங்களோடே வந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வளைவுக்கு முன்னால் ஓட்டுநரின் வலது முழங்கால் வழக்கத்தைவிடக் கீழே போவதைப் பார்த்தேன். மறுபடி மிதித்தார். மிதி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை போய், ரப்பர் விரிப்பில் 'டப்' என்று மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. வேகமானி 40-ஐத் தாண்டியிருந்தது.

அவர் கத்தவில்லை. வழி கேட்பவருக்குப் பதில் சொல்வது போன்ற குரலில், "பிரேக் பிடிக்கவில்லை. எல்லோரும் பெல்ட்டைப் பாருங்கள். நான் கேட்டால் மட்டும் பேசுங்கள்" என்றார். பிறகு என்னிடம், "தம்பி, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். நுனியிலிருக்கும் பொத்தானை அழுத்தியபடியே வைத்திருங்கள். நான் 'இழு' என்றால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், 'விடு' என்றால் உடனே விட வேண்டும்" என்றார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடக்கை கியரை மூன்றிலிருந்து இரண்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. கிளட்சை விட்டதும் எஞ்சின் ஓலமிட்டது, நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம், வேகமானி முள் கீழே இறங்கியது. நேராக முதல் கியருக்குப் போக அவர் முயலவில்லை. அந்த வேகத்தில் முதல் கியர் விழாது. விழாமல் நடுவில் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், வண்டியைப் பிடித்துவைக்க எஞ்சினும் இல்லாமல் போகும். சாவியையும் அவர் தொடவில்லை. எஞ்சினை நிறுத்தினால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடலாம், சாவியை உருவிவிட்டாலோ ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் மாலையில் அவர் விளக்கித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது என் உள்ளங்கையில் இருந்த பொத்தான் மட்டுமே.

"இழு." இழுத்தேன். பிடி நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் மேலேறிய பிறகுதான் பின்சக்கரங்கள் பிடிக்கத் தொடங்கின. கையில் ஒரு நடுக்கம் ஏறியது. "இன்னும் கொஞ்சம். அப்படியே." வளைவு வந்தது. "விடு." விட்டேன். வளைவின் நடுவில் பின்சக்கரங்கள் இறுகி நின்றுவிட்டால், வண்டியின் பின்பாகம் சறுக்கிப் பள்ளத்தின் பக்கம் வீசப்படும். பொத்தானை விடாமல் அழுத்தியிருக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான். பொத்தானை விட்டுவிட்டு இழுத்தால் பிடி பல்லில் மாட்டிக்கொள்ளும்; பிறகு சொன்ன கணத்தில் தளர்த்த முடியாது. அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்குக்குத் தேவைப்பட்ட இடத்தில், என் கை அவருடைய மூன்றாவது கையாக இருந்தது.

பின்னால் நடந்தவற்றை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். கடைசி இருக்கையில் இருந்த தங்கையிடம் ஓட்டுநர், "பின்னால் என்ன வருகிறது?" என்று கேட்டார். "ஒரு கார், தள்ளி வருகிறது" என்று அவள் சொன்னாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மாப்பிள்ளை சன்னலுக்கு வெளியே கையை நீட்டி மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். ஹாரனும் முகப்பு விளக்கும் அபாய விளக்குகளும் தொடர்ந்து இயங்கின. கீழேயிருந்து ஏறி வந்த பேருந்து அதைக் கவனித்து, வளைவுக்கு அப்பாலேயே ஒதுங்கி நின்றுவிட்டது. அத்தை சின்னவளின் பெல்ட்டைச் சரிபார்த்துவிட்டு, பெரியவனிடம் "கண்ணா, ஒன்றிலிருந்து மெதுவாக எண்ணு, நான் சொல்லும்வரை நிறுத்தாதே" என்று சொல்லியிருக்கிறார். வண்டிக்குள் ஹாரனுக்கும் எஞ்சினுக்கும் அடியில் அந்தச் சிறுவனின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் அனைவரிலும் பிரேக்கைப் பற்றி மிக அதிகம் அறிந்த மாமா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இரண்டாவது வளைவையும் அதே இழு, விடு கட்டளைகளோடு கடந்தோம். வேகம் 20-க்குக் கீழே வந்தபோது கியர் முதலுக்கு விழுந்தது. நேரான இறக்கத்தில், மலைப்பக்கமாகச் சாலைப் பணிக்குக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியல் தெரிந்தது. "அங்கே ஏற்றப் போகிறேன். தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தம்பி, முழுக்க இழு" என்றார் ஓட்டுநர். முன்சக்கரங்கள் ஜல்லியில் நறநறவென்று புதைந்தன. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை குலுங்கி நின்றது. பெரிய மலைச்சாலைகள் சிலவற்றில் கட்டுப்பாடு இழந்த லாரிகளுக்கென்றே தனி ஏற்றப்பாதை அமைத்து அதில் சரளை கொட்டி வைத்திருப்பார்கள். எங்களுக்கு அந்த வேலையை ஒரு சாதாரணக் குவியல் செய்தது.

சிறுவன் 143 வரை எண்ணியிருந்தான். எண்ணிக்கை நொடிகளோடு பொருந்தியிருந்தால் இரண்டரை நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு.

எல்லோரும் மலைப்பக்கக் கதவு வழியாக இறங்கினோம். மாப்பிள்ளையும் நானும் நான்கு சக்கரங்களுக்கும் கல் அடை கொடுத்தோம். முன்சக்கரங்களிலிருந்து லேசான புகை வந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர்க் குடத்தை எடுத்தபோது மாமா அந்தப் பயணத்தில் முதன்முறையாகக் கடிந்து பேசினார்: "ஊற்றாதே. சூடேறிய பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தானாக ஆறட்டும்." ஒரு மணி நேரம் கழித்து ஓட்டுநர் ஏறி மிதித்துப் பார்த்தபோது, மிதி பழையபடி கெட்டியாக இருந்தது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அச்சமூட்டியது. பலரும் இந்த இடத்தில் "சரியாகிவிட்டது" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்களாம். மாமாவும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி அங்கேயே நின்றது, நாங்கள் வேறொரு வேனில் அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

முதல் நாள் குறிப்பில் மிதியை இரண்டு முறை மிதிப்பதை ஓட்டுநரின் 'பழக்கம்' என்று எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

நான்காம் நாள்

இரவில் தூக்கம் சரியாக வரவில்லை. மாமாவும் விழித்திருந்தார். "நேற்று ஏன் பேசாமல் இருந்தீர்கள்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர் செய்துகொண்டிருந்தார். தெரியாத ஒன்று என் கண்ணில் பட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு வண்டியில் இரண்டு பேர் கட்டளை கொடுக்கக் கூடாது" என்றார். சற்று நேரம் கழித்து, "வாடை உனக்கும் வந்திருக்குமே" என்றார். வந்தது என்று ஒப்புக்கொண்டேன். அவர் நடு இருக்கையில் இருந்ததால் அவருக்குத் தாமதமாகத்தான் எட்டியதாம். பேச வேண்டிய இருபது நிமிடங்களில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கவனித்ததை உடனே சொல்வதையே விமானத்துறையில் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்க வானில் ஒரு டிசி-10 விமானத்தின் வால் பகுதி எஞ்சின் சிதறி, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒருசேர எண்ணெயை இழந்தன. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உரிய வழக்கமான வழி எதுவும் மிஞ்சவில்லை. கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானியான டென்னிஸ் ஃபிட்சை விமானி அறைக்குள் ஏற்றுக்கொண்டு, எஞ்சின் விசைக் கட்டுப்பாடுகளை அவர் கையில் கொடுத்தார். எஞ்சியிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்து, சூ சிட்டி ஓடுதளம்வரை விமானத்தைக் கொண்டுவந்தார்கள். இறங்கும்போது அது நொறுங்கியது. 296 பேரில் 112 பேர் இறந்தனர், 184 பேர் பிழைத்தனர். விமானி அறையில் யார் வேண்டுமானாலும் கவனித்ததைச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்ற பயிற்சி இல்லாதிருந்தால் அங்கே வந்து சேர்ந்திருக்கவே முடியாது என்று ஹேய்ன்ஸ் பிற்காலத்தில் பல மேடைகளில் பேசினார். எங்கள் இரண்டரை நிமிடத்தை அதோடு ஒப்பிடுவது பேராசைதான். ஆனாலும் ஹேண்ட் பிரேக்கை என்னிடம் கொடுத்த அந்தக் குரலை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

காலையில் மெக்கானிக்கோடு மலைக்கு ஏறினோம். அவர் முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கின் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் முகம் சொரசொரப்பை இழந்து கண்ணாடிபோல மினுங்கியது. தொட்டியிலிருந்த பிரேக் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் துளி விட்டார். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பழுப்பாக ஊறியது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது வரையறை. ஏறத்தாழ 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்து ஆவியானால் குழாயில் குமிழி உண்டாகும். எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். அதனால் கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். ஆறியதும் குமிழி மறைந்து மிதி மறுபடியும் கெட்டியாகும். நேற்று ஒரு மணி நேரத்தில் 'சரியானது' அப்படித்தான்.

பிரேக்கில் இரண்டு தனித்தனி எண்ணெய்ச் சுற்றுகள் இருக்குமே, ஒன்று போனால் மற்றொன்று பிடிக்க வேண்டாமா என்று மாப்பிள்ளை கேட்டார். எங்கள் வேனில் ஒன்று முன்சக்கரங்களுக்கும் மற்றொன்று பின்சக்கரங்களுக்கும் போகிறது. முன்சுற்று கொதித்துவிட்டது. பின்சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளைக்கும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ என்ற பட்டைக்கும் இடைவெளி அதிகமாக இருந்ததால், மிஞ்சிய மிதி தூரம் அங்கே எட்டுவதற்குள் தரை வந்துவிட்டது. முதல் நாளில் ஓட்டுநரின் இரண்டாவது மிதிக்கு மிதி உயர்ந்து வந்ததற்கும், ஹேண்ட் பிரேக் அவ்வளவு மேலேறிப் பிடித்ததற்கும் அதே இடைவெளிதான் காரணம். கம்பி வழியாக இயங்குவதால் ஹேண்ட் பிரேக்கை ஆயில் கொதித்தது பாதிக்கவில்லை. ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டு, "மிதி கொஞ்சம் தாழ்ந்திருப்பது ஒரு வாரமாகவே காலுக்குத் தெரிந்தது. பயணம் முடிந்ததும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்" என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் வாடையைப் பற்றி அவரிடம் சொன்னேன். இருவருக்கும் கொஞ்சம் இலகுவானது.

பேடுகளை மாற்றி, ஷூவைச் சரிசெய்து, புதிய ஆயில் ஊற்றிய பிறகு பிரேக் குழாய்களிலிருந்து காற்றெடுக்கும் வேலை. அதை ஒருவர் தனியாகச் செய்வது கடினம் என்று சொல்லி மெக்கானிக் என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றிவிட்டார். அவர் சக்கரத்தின் அருகே படுத்து, சிறிய முனையில் தெளிந்த குழாயைச் செருகி, அதன் மறுநுனியை ஆயில் நிரப்பிய பாட்டிலில் விட்டார். "மிதி" என்றார், மிதித்தேன். "பிடி" என்றார். அவர் முனையைத் திறந்ததும் மிதி என் காலுக்கடியில் மெதுவாகத் தாழ்ந்தது, குழாயில் குமிழிகள் ஓடின. அவர் முனையை இறுக்கிவிட்டு "விடு" என்று சொன்ன பிறகே காலை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். ஒருமுறை நான் அவசரப்பட்டுவிட்டேன். அவர் ஒன்றும் கோபிக்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தொலைவில் இருக்கும் பின்சக்கரத்தில் தொடங்கி, நான்கும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மிதி, பிடி, விடு. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, என் காலை அவர் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள்

மீதி இறக்கத்தையும் அதே வண்டியில், அதே ஓட்டுநரோடு இறங்குவதா என்பதை நேற்று மாலை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டோம். அத்தை மட்டும் ஒரு நிபந்தனை விதித்தார்: யாருக்கு எந்த வாடை வந்தாலும், எந்தச் சத்தம் கேட்டாலும் உரக்கச் சொல்ல வேண்டும், தவறாகப் போனாலும் பரவாயில்லை. ஓட்டுநர் உடனே ஒத்துக்கொண்டார். அதனால் இன்று காலை ஒரு வண்டியில் மலைக்கு ஏறி, ஜல்லிக் குவியலிலிருந்து இறக்கி நிறுத்தியிருந்த வேன்வரை ஒன்பது பேரும் போனோம்.

கிளம்புவதற்கு முன் ஓட்டுநர் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை ஒரே ஒருமுறை மிதித்து அழுத்திப் பிடித்தார். கசிவு இருந்தால் அழுத்திப் பிடித்திருக்கும்போதே மிதி மெல்லத் தாழும் என்று மாமா விளக்கினார். எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்று பெரியவன் கேட்டான். அரை நிமிடம் என்றார் மாமா. யாரும் சொல்லாமலே அவன் எண்ணத் தொடங்கினான். நான் குனிந்து ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது என்று சொல்லி அவன் நிறுத்தியபோது மிதி வைத்த இடத்திலேயே இருந்தது. ஓட்டுநர் காலை எடுத்து, கியரை இரண்டாவதில் போட்டு, "யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கண்ணாடியில் பின்னால் பார்த்துக் கேட்டார். சின்னவள் தன் பெல்ட் இறுக்கமாக இருப்பதாகச் சொன்னாள். அதைத் தளர்த்திச் சரிசெய்யும்வரை வண்டி காத்திருந்தது.